எந்த வைரஸுக்கு எதிரான ஆன்டிபாடி?

2021 ஆகஸ்ட் 15 அன்று மும்பையின் புறநகர் ரயில்கள் பொதுமக்களுக்கு மறுபடியும் திறந்துவிடப்பட்டபோது ஒரு நிபந்தனை இருந்தது. தடுப்பூசி இரண்டு டோஸ் போட்டிருக்க வேண்டும். இரண்டாவது டோஸுக்குப் பிறகு 14 நாட்கள் கழிந்திருக்க வேண்டும். சான்றிதழைக் காட்டினால்தான் மாத பாஸ். அம்பர்நாத்தில் குடியிருந்துகொண்டு மாட்டுங்காவிலோ தாதரிலோ வேலை பார்ப்பவர்களுக்கு இது மருத்துவ விஷயம் அல்ல, சாப்பாட்டு விஷயம். தென் மும்பையிலிருந்து சுமார் 60 கி.மீ. தள்ளியிருக்கும் ஊர் அது. ரயில் இல்லையென்றால் பாதி நாள் ரோட்டிலேயே போய்விடும். தடுப்பூசி மையங்களில் விடியற்காலையிலேயே வரிசை நின்றதற்கு வைரஸ் பயம் ஒரு காரணம் என்றால், ரயில் பாஸ் இன்னொரு காரணம்.

நிபந்தனைக்குப் பின்னால் இருந்த கணக்கு எளிமையானது. இரண்டு டோஸ் போட்டவர் உடம்பில் ஆன்டிபாடி இருக்கும். ஆன்டிபாடி இருந்தால் நோய் தொற்றாது, பரவாது. அடுத்த மாதமே இந்தக் கணக்கை ஊர்ஜிதம் செய்வது போல ஒரு புள்ளிவிவரமும் வந்தது. மும்பை மாநகராட்சி நடத்திய ஐந்தாவது ரத்தப் பரிசோதனை ஆய்வில் 86.64 சதவீதம் பேருக்கு ஆன்டிபாடி இருந்தது. குடிசைப் பகுதிகளில் 87.02, மற்ற இடங்களில் 86.22. பணக்காரன் ஏழை வித்தியாசமே இல்லை. நகரம் கரை சேர்ந்துவிட்டது என்று பலரும் நினைத்தார்கள்.

டிசம்பர் 4 அன்று, அம்பர்நாத்திலிருந்து அதே ரயில் பாதையில் சில நிலையங்கள் தள்ளியிருக்கும் டோம்பிவிலியில், மகாராஷ்டிரத்தின் முதல் ஒமிக்ரான் தொற்று உறுதியானது. ஒரு மாதம்தான். 2022 ஜனவரி 7 அன்று மும்பையில் ஒரே நாளில் 20,971 பேருக்குத் தொற்று. 2021 ஏப்ரலில் இரண்டாவது அலை உச்சத்தில் இருந்தபோதுகூட ஒரு நாள் எண்ணிக்கை 11,000-ஐச் சற்றே தாண்டியதுதான். நூற்றுக்கு எண்பத்தாறு பேரிடம் ஆன்டிபாடி இருந்த ஊரில், அதுவரை காணாத பரவல்.

86.64 என்ற எண் பொய்யில்லை. அது பதில் சொன்ன கேள்விதான் வேறு. உங்களிடம் ஆன்டிபாடி இருக்கிறதா என்று அந்த ஆய்வு கேட்டது. கேட்டிருக்க வேண்டியது, எந்த வைரஸுக்கு எதிராக, எவ்வளவு என்பதை.

இந்தக் குழப்பம் 2020 ஜூலையிலேயே தொடங்கிவிட்டது. அப்போது மாநகராட்சி, நிதி ஆயோக், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் ஆகியவை சேர்ந்து மும்பையின் மூன்று வட்டங்களில் 6,936 பேரின் ரத்தத்தைச் சோதித்தன. மாட்டுங்கா அடங்கிய எஃப் வடக்கு, செம்பூர் அடங்கிய எம் மேற்கு, தஹிசர் அடங்கிய ஆர் வடக்கு. குடிசைப் பகுதிகளில் 57 சதவீதம் பேருக்கும் மற்ற குடியிருப்புகளில் 16 சதவீதம் பேருக்கும் ஆன்டிபாடி இருந்தது. உலகமே திரும்பிப் பார்த்த முடிவு அது. பலர் இதைத் தாராவியின் முடிவாகவே இன்றும் சொல்கிறார்கள். தாராவி ஜி வடக்கு வட்டத்தைச் சேர்ந்தது. அந்த ஆய்வில் அது இல்லவே இல்லை.

அந்தச் சோதனை தேடியது வைரஸின் உள்ளே இருக்கும் என் புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடியை. வைரஸின் மரபணு இழையைச் சுருட்டி வைத்திருக்கும் புரதம் அது. ஒருவருக்குத் தொற்று வந்துபோனதா என்று அறிய அது நல்ல அடையாளம். ஆனால் வைரஸ் உடம்பின் செல்லுக்குள் நுழைவதைத் தடுக்கும் வேலை அதனுடையது அல்ல. அந்த வேலையைச் செய்வது, வைரஸின் மேல்புறத்தில் முள் முள்ளாக நிற்கும் ஸ்பைக் புரதத்தைப் பிடித்துக்கொள்ளும் ஆன்டிபாடி. திருடன் வந்துபோனதற்குத் தடயம் இருப்பதும், அடுத்த முறை அவன் நுழையாமல் கதவில் தாழ்ப்பாள் இருப்பதும் ஒன்றாகாது.

ஸ்பைக் புரதத்தை 1,273 மணிகள் கோத்த மாலை என்று வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு மணியும் ஓர் அமினோ அமிலம். மாலை தாறுமாறாகத் தொங்குவதில்லை. மடிந்து மடிந்து ஒரு குறிப்பிட்ட உருவம் பெறுகிறது. அதன் நுனியில் சுமார் 200 மணிகள் கொண்ட ஒரு பகுதிதான் மனித செல்லைப் பற்றிக்கொள்கிறது. வலுவான ஆன்டிபாடிகளில் பெரும்பாலானவை வந்து ஒட்டுவதும் அங்கேதான். வைரஸ் பெருகும்போது பிரதி எடுப்பதில் தவறு நேர்ந்து, எங்கோ ஒரு மணி மாறிவிடுகிறது. பெரும்பாலான மாற்றங்கள் வைரஸுக்கே கேடு. சில மாற்றங்கள் மட்டும் அதற்கு ஒரு சௌகரியம் தருகின்றன: செல்லைப் பற்றும் திறன் குறையாமல், ஆன்டிபாடியின் பிடியிலிருந்து நழுவ முடிகிறது.

நழுவுகிறதா, எவ்வளவு நழுவுகிறது என்பதை அளக்க வழி இருக்கிறது. புனேயின் தேசிய வைராலஜி நிறுவனம் போன்ற இடங்களில் அது வழக்கமான வேலை. தடுப்பூசி போட்டவரின் ரத்தத்திலிருந்து சீரத்தைப் பிரித்து, அதை 10 மடங்கு, 20 மடங்கு, 40 மடங்கு, 80 மடங்கு என்று நீர்த்துக்கொண்டே போகிறார்கள். ஒவ்வொன்றிலும் ஒரே அளவு உயிருள்ள வைரஸைக் கலந்து, சிறிது நேரம் விட்டு, தட்டில் வளரும் செல்களின் மீது ஊற்றுகிறார்கள். ஆன்டிபாடி வைரஸை மடக்கிவிட்டால் செல்கள் பிழைக்கும். மடக்காவிட்டால் செல் படலத்தில் ஓட்டை ஓட்டையாக விழும். ஓட்டைகள் பாதியாகக் குறையும் கடைசி நீர்ப்பு எதுவோ அதுதான் அந்த ரத்தத்தின் அளவு. ரசத்தில் எத்தனை டம்ளர் தண்ணீர் ஊற்றும்வரை காரம் தெரிகிறது என்று பார்ப்பது போலத்தான். ஆனால் உயிருள்ள வைரஸோடு விளையாட்டு என்பதால், காற்று வடிகட்டப்படாமல் வெளியேறாத பாதுகாப்புள்ள கூடத்தில் கவசம் போட்டுக்கொண்டு செய்ய வேண்டும். ஓர் ஊர் முழுவதற்கும் இதைச் செய்து பார்ப்பது சாத்தியம் இல்லை. இருக்கிறது, இல்லை என்று சொல்லும் சோதனையோ, இயந்திரத்தில் வைத்தால் ஒரு நாளில் ஆயிரக்கணக்கில் முடிந்துவிடும். எளிதாக எண்ண முடிந்ததைத்தான் நகரங்கள் எண்ணின.

இப்படி அளக்க வேண்டிய கட்டாயம் இந்தியாவுக்கு வந்தது, மகாராஷ்டிரத்தில் தலைதூக்கிய ஒரு திரிபால். பி.1.617 என்று எண்ணிடப்பட்ட அந்த வம்சத்தின் மிகப் பழைய மாதிரிகள் 2020 அக்டோபரில் இந்தியாவில் எடுக்கப்பட்டவை. 2021 மார்ச் 24 அன்று மத்திய சுகாதார அமைச்சகம் மகாராஷ்டிர மாதிரிகளில் இரண்டு முக்கிய மாற்றங்கள் ஒன்றாகக் காணப்படுவதாக அறிவித்தது. ஸ்பைக்கின் 452-ஆவது மணியும் 484-ஆவது மணியும் மாறியிருந்தன. பத்திரிகைகள் அதற்கு 'இரட்டை மாற்ற வைரஸ்' என்று பெயர் வைத்தன. இரண்டே மாற்றம்தான் இருப்பது போன்ற தோற்றத்தைத் தந்த, அவ்வளவாகப் பொருந்தாத பெயர். அந்தக் குடும்பத்தின் ஒரு கிளைதான் உலகையே உலுக்கியது. மே 31 அன்று உலக சுகாதார நிறுவனம் அதற்கு டெல்டா என்று பெயரிட்டது.

புனே விஞ்ஞானிகள் கோவாக்சின் போட்டவர்களின் சீரத்தை டெல்டாவோடு மோதவிட்டுப் பார்த்தார்கள். வைரஸை மடக்கும் திறன் 2.7 மடங்கு குறைந்தது. ஏற்கெனவே நோய் வந்து குணமானவர்களின் சீரத்தில் 4.6 மடங்கு குறைந்தது. முதல் அலையில் நோய் வந்துபோனதையே கவசமாக நம்பியிருந்த இடங்களுக்கு இந்த இரண்டாவது எண் கவலைக்குரிய செய்தி.

2.7 மடங்கு என்றால் எவ்வளவு? அது ஒருவரிடம் கையிருப்பு எவ்வளவு என்பதைப் பொறுத்தது. உதாரணத்துக்கு, 160 என்ற அளவில் இருப்பவருக்கு அது 60 ஆகும்; சமாளித்துவிடுவார். 20-இல் இருந்தவருக்கு 7 ஆகும். மாதங்கள் செல்லச் செல்ல ஆன்டிபாடி தானாகவே வடியும். வடிந்து நிற்பவரிடம் புதிய திரிபு வரும்போது இரண்டு இழப்பும் சேர்ந்துகொள்கின்றன. வயதானவர்கள், சிறுநீரக நோயாளிகள், உறுப்பு மாற்று சிகிச்சை செய்துகொண்டவர்கள் தொடக்கத்திலேயே குறைந்த கையிருப்போடு இருப்பவர்கள். ஒரே சான்றிதழ், ஒரே ரயில் பெட்டி. ஆனால் பாதுகாப்பு ஒன்றல்ல.

எவ்வளவு இருந்தால் போதும் என்ற கேள்விக்கு ஆஸ்திரேலியாவில் சிட்னியைச் சேர்ந்த கர்பி நிறுவன ஆய்வாளர்கள் 2021-இல் ஒரு விடை சொன்னார்கள். ஏழு தடுப்பூசிகளின் பரிசோதனை முடிவுகளையும் குணமானவர்களின் ரத்த அளவுகளையும் ஒப்பிட்டுப் போட்ட கணக்கு. நோயிலிருந்து குணமானவர்களின் சராசரி ஆன்டிபாடி அளவில் ஐந்தில் ஒரு பங்கு இருந்தால், அறிகுறியோடு நோய் வருவதிலிருந்து பாதிப் பாதுகாப்பு. கடுமையான நோயிலிருந்து அதே பாதிப் பாதுகாப்புக்கு மூன்று சதவீதமே போதும். இந்த இரண்டு வரம்புகளுக்கும் இடையே உள்ள தூரம்தான் பின்னர் மும்பையில் நடந்ததற்கு விளக்கம்.

ஒமிக்ரான் வந்தபோது முதல் வரம்பு தகர்ந்தது. அதன் ஸ்பைக்கில் 30-க்கும் மேற்பட்ட மாற்றங்கள். செல்லைப் பற்றும் பகுதியில் மட்டும் 15. தமிழ் வம்சாவளியினர் பலர் வாழும் தென்னாப்பிரிக்க நகரமான டர்பனில், ஆப்பிரிக்க சுகாதார ஆராய்ச்சி நிறுவனத்தில் அலெக்ஸ் சிகலின் குழு, உலகுக்கு ஒமிக்ரான் பற்றித் தெரிந்த இரண்டே வாரத்தில் அளந்து முடிவை வெளியிட்டது. ஃபைசர் தடுப்பூசி போட்டவர்களின் சீரத்தில் மடக்கும் திறன் 20 மடங்குக்கு மேல் குறைந்திருந்தது. பீஜிங்கில் 247 தனித்தனி ஆன்டிபாடிகளைச் சோதித்ததில் 85 சதவீதத்துக்கும் மேற்பட்டவை ஒமிக்ரானிடம் தோற்றன. அவ்வளவு சரிந்தால் பெரும்பாலோர் ஐந்தில் ஒரு பங்குக் கோட்டுக்குக் கீழே போய்விடுவார்கள். மூன்று சதவீதக் கோட்டுக்குக் கீழே எல்லோரும் போவதில்லை. அதோடு, தொற்றிய செல்லையே அழிக்கும் டி செல்கள் ஸ்பைக்கின் பல துண்டுகளை அடையாளம் கண்டுகொள்பவை. சில மணிகள் மாறினால் அவை ஏமாறுவதில்லை. ஜனவரி 7 அன்று 20,971 பேருக்குத் தொற்று கண்ட மும்பையில் அன்றைய மரணம் 6. 2021 மே தொடக்கத்தில், தொற்று எண்ணிக்கை அதில் நாலில் ஒரு பங்குகூட இல்லாத ஒரு நாளில், 90 பேர் இறந்திருந்தார்கள்.

ஆகவே பழைய நோய் எதிர்ப்பு வீண் போனது என்பது தவறு. 2021-இன் முதல் இரண்டு மாதங்களில் மும்பையில் கண்ட தொற்றுகளில் ஏறத்தாழ 90 சதவீதம் அடுக்குமாடிக் கட்டடங்களில்தான் என்று மாநகராட்சி சொன்னது. ஆறு மாதம் முன்பு 16 சதவீதம் என்று கண்ட பகுதிகள் அவை. குடிசைகளில் சோதனைக்கு வருவோர் குறைவு என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்தான். இருந்தாலும் அந்த வித்தியாசம் முழுவதையும் அது விளக்கிவிடாது. தாராவியிலும் ஏப்ரலில் எண்ணிக்கை ஏறியது, ஏறி இறங்கியது.

இதுவரை சொன்னதெல்லாம் திரிபு வந்த பிறகு அளப்பது. வருவதற்கு முன்பே அளந்து வைக்க முடியுமா?

முடியும் என்று காட்டியது அமெரிக்காவில் சியாட்டில் நகரின் ஃப்ரெட் ஹட்சின்சன் மையத்தில் ஜெஸ்ஸி ப்ளூம் நடத்தும் ஆய்வுக்கூடம். டைலர் ஸ்டார், அலிசன் கிரேனி ஆகியோர் அங்கே 2020-இல் செய்த வேலை பொறுமைக்கு ஒரு உதாரணம். செல்லைப் பற்றும் பகுதியில் சுமார் 200 இடங்கள். ஒவ்வொரு இடத்திலும் இருக்கும் அமினோ அமிலத்தை எடுத்துவிட்டு மற்ற 19-இல் ஒன்றை வைக்கலாம். ஆக ஏறக்குறைய 3,800 வகைகள். இயற்கை எதை எப்போது உண்டாக்கும் என்று காத்திராமல் எல்லாவற்றையும் அவர்களே உண்டாக்கினார்கள். முழு வைரஸில் அல்ல, அது ஆபத்து. ரொட்டிக்கும் பீருக்கும் பயன்படும் ஈஸ்டின் மேல்புறத்தில் இந்தப் பகுதி மட்டும் ஒட்டி நிற்குமாறு செய்தார்கள். ஒரு ஈஸ்ட் செல்லுக்கு ஒரு வகை. பிறகு அந்த ஈஸ்ட் கூட்டத்தில் ஓர் ஆன்டிபாடியை விட்டார்கள். அது ஒட்டாமல் விட்ட செல்களைத் தனியே பிரித்து, அவற்றின் மரபணுவைப் படித்தார்கள். எந்த மணியை எப்படி மாற்றினால் அந்த ஆன்டிபாடி தோற்கும் என்ற முழு வரைபடமும் ஒரே சோதனையில் கிடைத்துவிட்டது.

ஒற்றை ஆன்டிபாடிகளோடு நிற்காமல், நோயிலிருந்து குணமானவர்களின் சீரத்தையும் இப்படிச் சோதித்தார்கள். ஒருவருடைய ரத்தத்தில் பல நூறு வகை ஆன்டிபாடிகள் இருக்கின்றனவே, ஒரு மாற்றம் என்ன செய்துவிடும் என்றுதான் தோன்றும். முடிவு அப்படி இல்லை. பலருடைய ரத்தத்திலும் பலத்தின் பெரும் பகுதி ஒரே மணியைச் சுற்றி, அதாவது 484-ஐச் சுற்றி, குவிந்திருந்தது. அங்கே எதிர் மின்னேற்றம் உள்ள குளுடாமிக் அமிலம் இருக்கிறது. அதற்குப் பதில் நேர் மின்னேற்றம் உள்ள லைசின் வந்துவிட்டால், சிலருடைய சீரத்தின் பலம் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போனது. தென்னாப்பிரிக்காவின் பீட்டாவிலும் பிரேசிலின் காமாவிலும் வந்தது அதே மாற்றம். மகாராஷ்டிரத்தில் 2021 மார்ச்சில் அறிவிக்கப்பட்டதும் 484-தான், வேறு அமிலத்தோடு. ஒமிக்ரானிலும் 484, இன்னொரு அமிலத்தோடு. ஒரே பூட்டை மூன்று கண்டங்களில் தனித்தனியாக நெம்பியிருக்கிறது வைரஸ்.

இந்த வரைபடத்தால் நம் ஊர்க்காரருக்கு என்ன லாபம் என்று கேட்பவர்கள் ஒரு விலையைப் பார்க்க வேண்டும். 2021 மேயில் ரோஷ் நிறுவனமும் மும்பையின் சிப்லாவும் இந்தியாவில் ஓர் ஆன்டிபாடி காக்டெயில் மருந்தைக் கொண்டுவந்தன. அமெரிக்க அதிபராக இருந்த டிரம்புக்கு 2020 அக்டோபரில் கொடுக்கப்பட்ட அதே மருந்து. இரண்டு செயற்கை ஆன்டிபாடிகளின் கலவை. ஒரு நோயாளிக்கான விலை 59,750 ரூபாய். வைரஸ் ஒன்றிலிருந்து தப்பினாலும் இன்னொன்றில் மாட்டிக்கொள்ளும் என்பதுதான் இரண்டைக் கலந்ததன் நோக்கம். டெல்டாவிடம் அது வேலை செய்தது. ஆனால் அந்த மருந்து இந்தியாவுக்கு வருவதற்கு நான்கு மாதம் முன்பே, 2021 ஜனவரியில், சியாட்டில் குழு அதன் பலவீனங்களை இடம் வாரியாகக் குறித்து வெளியிட்டிருந்தது. ஒவ்வொரு ஆன்டிபாடியையும் சாய்க்கும் மாற்றங்கள் எவை, இரண்டையும் சேர்த்துச் சாய்க்கும் ஒற்றை மாற்றம் எது என்ற பட்டியல். ஒமிக்ரான் வந்தபோது அதன் மாற்றங்கள் இரண்டு ஆன்டிபாடிகளையும் தனித்தனியாக வீழ்த்தின. 2022 ஜனவரியில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதன் உபயோகத்தை நிறுத்தியது. திரிபு மாறிய செய்தி ஆய்வுக்கூடத்திலிருந்து மருத்துவமனை வார்டுக்கு வந்து சேர்வதற்குள், அறுபதாயிரம் ரூபாய் கடன் வாங்கி வெறும் நீரை ஏற்றிக்கொள்ளும் நிலை ஒரு குடும்பத்துக்கு வரலாம். அம்பர்நாத்தில் சம்பளம் வாங்கும் ஒருவருக்கு அது சிறிய தொகை இல்லை.

எல்லா வைரஸும் இப்படித்தானா? இல்லை. 2022-இன் கடைசி மாதங்களில் செம்பூரை ஒட்டிய கோவண்டிப் பகுதியில் தட்டம்மை பரவிக் குழந்தைகள் இறந்தன. வைரஸ் மாறிவிட்டதோ என்ற சந்தேகம் எழலாம். மாறவில்லை. 1954-இல் ஒரு சிறுவனிடமிருந்து எடுக்கப்பட்ட தட்டம்மை வைரஸின் சந்ததிதான் இன்றும் தடுப்பூசியாகப் போடப்படுகிறது. இன்றும் அது வேலை செய்கிறது. தட்டம்மை வைரஸின் மேல்புறப் புரதம், ஆன்டிபாடி பிடிக்கும் இடங்களை மாற்றிக்கொண்டால் தன் வேலையையே செய்ய முடியாத அமைப்பு கொண்டது. கோவண்டியில் குறைந்தது வைரஸின் யோக்கியதை அல்ல, கொரோனா ஆண்டுகளில் போடப்படாமல் விட்டுப்போன டோஸ்கள். அங்கே எத்தனை டோஸ் என்று கேட்பதே சரியான கேள்வி. ரயில் நிலையத்தில் கொரோனாவுக்கும் அதே கேள்வியைக் கேட்டார்கள்.

கொரோனா தட்டம்மையைவிட இன்ஃப்ளுயன்சாவுக்கு நெருங்கிய குணமுடையது. இன்ஃப்ளுயன்சாவுக்கு எந்தத் திரிபை வைத்துத் தடுப்பூசி செய்வது என்று உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இரு முறை கூடி முடிவெடுக்கிறது. கொரோனாவுக்கும் அப்படி ஒரு குழு வந்தது. வடிவமைப்பில் முதலில் எடுத்த பாதை இரண்டு படகில் கால்: பழைய வூஹான் ஸ்பைக் பாதி, ஒமிக்ரான் ஸ்பைக் பாதி. கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் உடம்பின் ஞாபகம் குறுக்கே வந்தது. முதலில் கற்றுக்கொண்ட உருவத்தை உடம்பு மறப்பதில்லை. ஓரளவு ஒத்த புது உருவத்தைக் காட்டினால், புதிதாகக் கற்பதைவிடப் பழைய ஆன்டிபாடியையே மேலும் தயாரிக்க முனைகிறது. தாமஸ் ஃபிரான்சிஸ் 1960-லேயே இன்ஃப்ளுயன்சாவில் இதைக் கண்டு, ஆதி பாவம் என்று பைபிள் மொழியில் பெயர் வைத்தார். பாதிப் பழசைச் சேர்ப்பது அந்த ஞாபகத்துக்கே தீனி போடுவது. 2023 மேயில் உலக சுகாதார நிறுவனத்தின் குழு பழைய ஸ்பைக்கைக் கைவிட்டு எக்ஸ்.பி.பி. வம்சத்தை மட்டும் வைத்துத் தடுப்பூசி செய்யச் சொன்னது. 2024-இல் ஜே.என்.1. ஒவ்வொரு முறையும் முடிவெடுக்க உதவியவற்றில் அந்த வரைபடங்களும் ஒன்று. இப்போது முழு ஸ்பைக்கையும், தீங்கு செய்யாத பொய் வைரஸ் ஒன்றின் மேல் பொருத்தி, ஒவ்வொரு மாற்றமாக அளக்கும் முறை சியாட்டிலில் வந்துவிட்டது.

இந்தியா இந்தப் பந்தயத்தில் ஓடாமல் இல்லை. புனேயின் ஜெனோவா நிறுவனம் ஒமிக்ரானுக்கென்றே ஓர் எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசியைச் செய்தது. ஃபைசர் போல ஆழ்உறைவுப் பெட்டி தேவையில்லை. சாதாரண குளிர்பதனப் பெட்டியின் 2 முதல் 8 டிகிரி போதும். நம் நாட்டுக்குப் பெரிய விஷயம். ஆனால் அது அறிமுகமான நாள் 2023 ஜூன் 24. டோம்பிவிலியில் ஒமிக்ரான் வந்து ஒன்றரை ஆண்டு கழித்து. அதற்குள் அந்த ஒமிக்ரானின் பேரன் பேத்திகள் வந்துவிட்டார்கள். அந்த ஆண்டு ஏப்ரலில் இந்தியாவில் தொற்று கூடியதற்குக் காரணம் எக்ஸ்.பி.பி.1.16. அதற்கு முன் 2023 ஜனவரியில் வந்த பாரத் பயோடெக்கின் மூக்கு வழித் தடுப்பூசியில் இருந்ததோ பழைய ஸ்பைக்தான். 2025 மே, ஜூனில் மறுபடி தொற்று ஏறியபோது பரவியவை ஜே.என்.1 வம்சத்தைச் சேர்ந்தவை.

வைரஸின் மரபணுவைப் படிப்பதில் மும்பை பின்தங்கவில்லை. 2021 ஆகஸ்டில் கஸ்தூர்பா மருத்துவமனையிலேயே அதற்கான கூடம் வந்தது. எந்தத் திரிபு ஊரில் சுற்றுகிறது என்பது சில நாட்களில் தெரிந்தது. ஆனால் அது பாதி வேலை. சுற்றுகிற அந்தத் திரிபை, இந்த ஊர்க்காரர்களின் ரத்தம் எவ்வளவு தடுக்கும் என்பது மீதிப் பாதி. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் ஆயிரக்கணக்கில் ரத்தம் எடுத்த ஆய்வுகளில், சில நூறு மாதிரிகளையாவது அப்போது பரவிய வைரஸோடு மோதவிட்டு, வயது வாரியாக அளவை வெளியிட்டிருக்கலாம். உயிருள்ள வைரஸ் தேவையில்லாத பொய் வைரஸ் முறை இருப்பதால், சாதாரண ஆய்வுக்கூடமே போதும். 86.64 என்ற ஒற்றை எண்ணுக்குப் பதில், அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்ற எண் 2021 செப்டம்பரில் கையில் இருந்திருந்தால், கூடுதல் டோஸ் யாருக்கு முதலில் என்ற முடிவுக்கு 2021 டிசம்பர் கடைசி வரை காத்திருக்க வேண்டியிருக்காது.

ஓடும் திரிபைத் துரத்தாமல், மாறாத இடத்தைப் பிடிப்பது இன்னொரு வழி. ஸ்பைக்கின் நுனி எவ்வளவு மாறினாலும், அதன் அடித்தண்டான எஸ்2 பகுதி அதிகம் மாறுவதில்லை. வைரஸ் செல்லோடு இணைவதற்கு அந்த இயந்திரம் கெடாமல் இருந்தாக வேண்டும். தண்டைப் பிடிக்கும் ஆன்டிபாடிகள் பரவலானவை, ஆனால் பலம் குறைந்தவை. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ராகவன் வரதராஜனின் குழு, நுனியையும் தண்டின் ஒரு பகுதியையும் சேர்த்து ஆர்.எஸ்.2 என்ற செயற்கைப் புரதத்தை வடிவமைத்து 2024-இல் முடிவுகளை வெளியிட்டது. எலிகளிலும் வெள்ளெலிகளிலும் அது முழு ஸ்பைக்கைவிட நல்ல பாதுகாப்புத் தந்தது. அறை வெப்பத்தில் ஒரு மாதம் வரை கெடாமல் இருந்தது. நுனி மாறினால் அந்தப் பாதியை மட்டும் கழற்றிவிட்டுப் புதியதைப் பொருத்திக்கொள்ளலாம் என்பது அந்த வடிவமைப்பின் சௌகரியம். மனிதர்களிடம் சோதிக்கும் கட்டம் அதற்கு அடுத்தது.